104 வாக்குகளின் பொருள்: புக்கிட் பெண்டேரா, 1999

1999 நவம்பர் 29 அன்று நடந்த மலேசியாவின் பத்தாவது பொதுத் தேர்தலில் புக்கிட் பெண்டேரா நாடாளுமன்றத் தொகுதியைக் கெராக்கான் கட்சியின் சியா குவாங் சாய் 104 வாக்குப் பெரும்பான்மையில் தக்கவைத்துக்கொண்டார். தோற்றவர் லிம் கிட் சியாங்: ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) தலைமைச் செயலாளர், 1969 முதல் முப்பது ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சித் தலைவர். அதே இரவில் பக்கத்துத் தொகுதியான ஜெலுத்தோங்கில், 1978 முதல் அசைக்க முடியாதவராக இருந்த கர்ப்பால் சிங் 775 வாக்குகளில் கெராக்கானின் லீ கா சூனிடம் தோற்றார். ஜார்ஜ் டவுனில் விடிவதற்குள் விளக்கம் தயாராகிவிட்டது: இஸ்லாமிய அரசு வேண்டும் என்கிற பாஸ் கட்சியோடு கைகோத்ததற்காகப் பினாங்கு வாக்காளர்கள் ஜசெகவைத் தண்டித்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த விளக்கம்தான் சொல்லப்படுகிறது. ஜெலுத்தோங்கைப் பற்றி அது பெருமளவுக்குச் சரி. புக்கிட் பெண்டேராவைப் பற்றி அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே கிடைத்த 104 என்ற எண், மக்கள் மனநிலையைவிட அந்த ஆண்டின் வாக்காளர் பட்டியலைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

கொடிமலை உச்சியிலிருந்து தண்ணீர்மலைச் சாரல் வழியாக வடகரை நோக்கி இறங்கும் தொகுதி இது. சீனர்கள் பெரும்பான்மை, மலாய்க்காரரும் தமிழரும் கணிசமாக உண்டு. 1986, 1990 தேர்தல்களில் ஜசெகவிடம் இருந்து, 1995-ல் கெராக்கானுக்குப் போனது. பினாங்குக்குக் குறுகிய வித்தியாசங்கள் புதிதல்ல. அவற்றுக்குப் பெரிய அர்த்தம் கற்பிக்கிற பழக்கமும் புதிதல்ல. 1969 முதல் முதலமைச்சராக இருந்த லிம் சோங் இயூவை 1990-ல் பாடாங் கோத்தா சட்டமன்றத் தொகுதியில் இதே லிம் கிட் சியாங் 706 வாக்குகளில் வீழ்த்தியபோது ஒரு யுகமே முடிந்ததாக எழுதினார்கள். அந்தத் தேர்தலில் ஜசெக 33 சட்டமன்ற இடங்களில் 14-ஐப் பிடித்தது; ஆட்சிக்கு மூன்றே இடம் குறைவு. அடுத்த தேர்தலில், 1995-ல், அதே கட்சிக்கு மிஞ்சியது ஓர் இடம். ஐந்தே ஆண்டில் இப்படிக் கரைகிற ஒன்றை யுகம் என்று சொல்வது மிகை. ஆனால் தேர்தல் இரவின் மொழி அப்படித்தான். சிறிய எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு பெரிய கதை அதற்குத் தேவைப்படுகிறது.

1999-ன் கதைக்கு உண்மையான அடித்தளம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கம் செய்யப்பட்டதிலிருந்து மலாய்ச் சமூகத்தில் பெரும் பிளவு ஏற்பட்டது. அதைப் பயன்படுத்திக்கொள்ள பாஸ், ஜசெக, கெஅடிலான், மக்கள் கட்சி ஆகிய நான்கும் மாற்று முன்னணியாக இணைந்தன. கெராக்கானும் அங்கம் வகித்த ஆளும் தேசிய முன்னணியின் பதிலடி எளிமையானது: ஜசெகவுக்குப் போடும் ஓட்டு பாஸுக்குப் போடும் ஓட்டு. சீன நாளிதழ்களின் விளம்பரப் பக்கங்களில் இது திரும்பத் திரும்ப வந்தது. விளைவு ஒருதலையாக இருந்தது: 193 இடங்களில் பாஸுக்கு 27, ஜசெகவுக்கு 10, பினாங்குச் சட்டமன்றத்தில் தேசிய முன்னணிக்கு 30. 2001 செப்டம்பரில் ஜசெக அந்தக் கூட்டணியைவிட்டு விலகியது. ஆக, கூட்டணி ஜசெகவுக்குச் சேதம் விளைவித்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கட்சி எவ்வளவு வாக்கை இழந்தது என்பது ஒரு கேள்வி, அந்த இழப்பின் முடிவில் ஒரு குறிப்பிட்ட தொகுதியில் அது கோட்டின் எந்தப் பக்கம் நின்றது என்பது வேறு கேள்வி. பாஸ் பயம் லிம்மைக் கோட்டின் அருகே கொண்டுவந்து நிறுத்தியது. கடைசி 104-ஐத் தீர்மானித்தது எது என்று கேட்டால், அதைவிடச் சிறிய, அதைவிட வறண்ட விஷயங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அவற்றில் பெரியது இது. அன்வாருக்கு 1999 ஏப்ரல் 14 அன்று ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஏப்ரல், மே மாதங்களில் நடந்த வாக்காளர் பதிவில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6 லட்சத்து 80 ஆயிரம் பேர் புதிதாகப் பதிந்துகொண்டார்கள். அதற்கு முன் காணாத கூட்டம். விண்ணப்பங்களைச் சரிபார்த்து, ஆட்சேபங்களுக்காகக் காட்சிக்கு வைத்து, அரசிதழில் வெளியிடும் வேலை 2000-ன் தொடக்கத்தில்தான் முடியும் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. நாடாளுமன்றத்தின் ஆயுளோ 2000-ன் நடுப்பகுதி வரை இருந்தது. பிரதமர் மகாதீர் நவம்பர் 11 அன்று அதைக் கலைத்தார். நவம்பர் 20 வேட்புமனு, 29 வாக்களிப்பு. ஏப்ரலில் வரிசையில் நின்று படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள் நவம்பரில் பட்டியலில் இல்லை. அன்றைக்குப் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 95 லட்சம். வெளியே நின்றவர்கள் அவர்களில் ஏழு விழுக்காட்டுக்குச் சமம். சில மாதம் பொறுத்திருந்தால் இவர்கள் அத்தனை பேரும் வாக்களித்திருப்பார்கள். தேதியைக் குறிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்தான் போட்டியில் ஒரு தரப்பின் தலைவரும்கூட.

6 லட்சத்து 80 ஆயிரத்தை 193 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்குச் சராசரி 3,500 பேர். பத்துக்கு ஏழு பேர் வாக்களித்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் 2,450 வாக்கு. 104 என்ற வித்தியாசத்தைக் கவிழ்க்க அதில் 52 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலாக எதிர்க்கட்சிக்கு விழுந்திருந்தால் போதும். சராசரி என்பது சராசரிதான். புதிய பதிவு எல்லா ஊரிலும் ஒரே அளவில் நடந்திருக்காது. எனவே கணக்கைக் கஞ்சத்தனமாகவே போடுவோம். புக்கிட் பெண்டேராவுக்கு அந்தச் சராசரியில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கொண்டாலும், வாக்களிக்கக்கூடியவர்கள் 800 பேர் தேறுவார்கள். அவர்களில் 57 விழுக்காடு ஒரு பக்கம் சாய்ந்தால் முடிவு மாறும். இதே கணக்கை ஜெலுத்தோங்கில் போட்டுப் பார்த்தால் வேறு பதில் வருகிறது. 775-ஐக் கவிழ்க்க, முழுச் சராசரியான 2,450 பேரும் வந்து, அவர்களில் மூவரில் இருவர் கர்ப்பாலுக்குப் போட்டிருக்க வேண்டும். சாத்தியமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதை நம்பி வாதிட நான் தயாரில்லை. அடுத்தடுத்த இரண்டு தோல்விகளையும் வரலாறு ஒரே மூச்சில் சொல்கிறது. ஒன்று வாக்காளர் தந்த தோல்வி. மற்றொன்றை யார் தந்தது என்று தீர்க்கிற வழியே அந்தத் தேர்தலில் இல்லை.

இங்கே ஒரு நல்ல ஆட்சேபம் எழும். புதிதாகப் பதிந்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் என்று யார் சொன்னது? சிறைத்தண்டனையால் கொதித்துப் பதிந்தவர்களில் மலாய் இளைஞர்கள் அதிகம் என்றால், சீனர் பெரும்பான்மைத் தொகுதியில் அவர்கள் எண்ணிக்கை குறைவுதானே? பாஸைக் கண்டு அஞ்சிப் பதிந்த சீனர்களும் இருந்திருக்கலாமே? மேலும், இவர்கள் எல்லாரும் பட்டியலில் ஏறிய பிறகு நடந்த 2004 தேர்தலில் சியா குவாங் சாய் மறுபடியும் வென்றாரே? எல்லாமே நியாயமான கேள்விகள். 2004-ஐ வைத்து 1999-ஐ அளக்க முடியாது என்பதற்குக் காரணம் இருக்கிறது: மகாதீர் போய் அப்துல்லா படாவி வந்திருந்தார், மாற்று முன்னணி உடைந்திருந்தது, 219 இடங்களில் 198-ஐ வாரிய அலை அது. 2008-ல் வேறொரு அலை அடித்தபோது அதே சியா, அதே புக்கிட் பெண்டேராவில், ஜசெகவின் இளம் வேட்பாளர் லியூ சின் தோங்கிடம் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். இந்த ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே 1999-ன் புதியவர்கள் எப்படி வாக்களித்திருப்பார்கள் என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியல் முழுமையாக இருந்திருந்தால் லிம் வென்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. கெராக்கானின் பெரும்பான்மை ஆயிரத்தைத் தாண்டியிருக்கவும் கூடும். எந்தப் பக்கமும் போயிருக்கக்கூடிய ஒரு முடிவை மக்கள் தீர்ப்பு என்று வாசிப்பதைத்தான் மறுக்கிறேன்.

அதே வாசிப்பின் இன்னொரு வடிவம் நம்மிடையே செல்வாக்கானது. வித்தியாசம் குறுகலாக இருக்கும் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும், இந்திய வாக்காளர்தான் துருப்புச்சீட்டு என்று மேடையில் முழங்குவார்கள். மலேசிய இந்திய காங்கிரசும் (மஇகா) முழங்கும், ஜசெகவின் தமிழ்த் தலைவர்களும் முழங்குவார்கள். பினாங்கு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இந்தியர். 104 வாக்கில் முடிந்த போட்டியில் அவர்கள் முடிவை மாற்றியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதே அளவில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பும் மாற்றியிருக்கலாம். ஒரு சீன குலச் சங்கத்தின் உறுப்பினர்களும் மாற்றியிருக்கலாம். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு ஊருக்கு வராமல் இருந்துவிட்டவர்களும் மாற்றியிருக்கலாம். 104 பேருக்கு மேல் ஆள் வைத்திருக்கும் எவரும் உரிமை கொண்டாடக்கூடிய வெற்றியை எவரும் தனியாக உரிமை கொண்டாட முடியாது. அரசியல் பேரத்துக்கு இந்த முழக்கம் உதவும். ஆய்வுக்கு உதவாது. காரணங்கள் பலவும் சமமாக நிற்கும் இடத்தில், அவற்றில் எது மனிதக் கையால் திட்டமிட்டு மாற்றக்கூடியது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பயனுள்ள கேள்வி. மக்கள் எப்படி நினைப்பார்கள் என்பதை எந்த அரசும் சட்டத்தால் குறிக்க முடியாது. பட்டியல் எப்போது மூடப்படும், தேர்தல் எப்போது திறக்கப்படும் என்பதைக் குறிக்க முடியும். அதனால்தான் மற்றக் காரணங்களைவிட்டு இதை மட்டும் எடுத்துப் பேசுகிறேன்.

எந்தப் பட்டியலுக்கும் ஒரு கடைசி நாள் வேண்டுமே என்பார்கள். வேண்டும்தான். நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொல்கிற இந்த வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆட்சேபம் எழுப்பக் கால அவகாசம் தராத பட்டியலில் போலிப் பெயர்கள் புகுந்துவிடும். கேள்வி அந்தக் கடைசி நாளுக்கும் வாக்களிப்பு நாளுக்கும் உள்ள தூரம். இந்தியாவில் வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் வரை பெயர் சேர்க்க இடமுண்டு. கனடாவில் வாக்குச்சாவடிக்கே அடையாளச் சான்றோடு போய் அன்றே பதிந்து அன்றே வாக்களிக்கலாம். பினாங்கில் 1999-ல் ஏழு மாதம் முன்னால் பதிந்தவருக்கு வாக்கு இல்லை.

கனடாவைச் சொன்னதால் அங்கே நடந்த ஒரு வழக்கையும் பார்ப்போம். குறுகிய வித்தியாசத்தைச் சட்டம் எப்படிக் கையாள முடியும், எங்கே கையாள முடியாது என்பது அதில் துலக்கமாகத் தெரிகிறது. 2011 தேர்தலில் டொரண்டோவின் எட்டோபிகோக் சென்டர் தொகுதியில் டெட் ஓபிட்ஸ் 26 வாக்குகளில் வென்றார். தோற்ற போரிஸ் ரெஸ்னெவ்ஸ்கி, பதிவு ஆவணங்களில் குறைபாடு என்று வழக்குப் போட்டார். ஒண்டாரியோ நீதிமன்றம் 79 வாக்குகளை ஒதுக்கித் தேர்தலை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில், நால்வருக்கு மூவர் என்ற குறுகிய பெரும்பான்மையில், அந்த ரத்தை நீக்கியது: எழுத்தர் பிழைக்காகத் தகுதியுள்ள குடிமக்களின் வாக்கைப் பறிக்கக் கூடாது என்பது சாரம். இங்கே நீதிபதிகள் இரு அணியாகப் பிரிந்தாலும், இரு அணியும் பெட்டிக்குள் ஏற்கெனவே விழுந்த வாக்குகளைப் பற்றித்தான் வாதிட்டன. சேரக் கூடாத வாக்கு சேர்ந்துவிட்டால் அதைக் கழித்துப் பார்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. சேர வேண்டிய வாக்கு சேராமல் போனால் கூட்டிப் பார்க்க அநேகமாக வழியே இல்லை. 2025-ல் கியூபெக்கின் டெர்போன் தொகுதி ஒரே ஒரு வாக்கில் முடிந்தது. ஒரு பெண் அனுப்பிய அஞ்சல் வாக்கு, உறையில் தேர்தல் அலுவலகம் அச்சிட்ட அஞ்சல் குறியீடு தவறானதால் அவரிடமே திரும்பி வந்தது என்று தெரிந்ததும் விவகாரம் நீதிமன்றம் போனது. விடுபட்டது ஒரே வாக்கு, அதற்கு ஒரு உறையும் உரியவரும் சாட்சியாக இருந்தார்கள் என்பதால்தான் அப்படி ஒரு வழக்கே தொடுக்க முடிந்தது. 1999-ல் விடுபட்டவர்களுக்கும் சாட்சி இருந்தது: அவர்கள் கையெழுத்திட்ட படிவங்கள் தேர்தல் ஆணையத்தின் அலுவலகங்களிலேயே கிடந்தன. ஆனால் போடப்படாத வாக்கு எவருக்கு என்று எந்தப் படிவமும் சொல்லாது.

மலேசியாவிலும் கழித்துப் பார்க்கும் வழி ஒரு காலத்தில் இருந்தது. 1999-லேயே நடந்த சபா மாநிலத் தேர்தலில் லிக்காஸ் தொகுதியில் யோங் தெக் லீ பெற்ற வெற்றியை, பட்டியலில் போலி வாக்காளர்கள் இருந்தார்கள் என்று சொல்லி 2001 ஜூனில் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குகளை விசாரிக்காமலேயே தள்ளுபடி செய்யும்படி மேலிடத்திலிருந்து தமக்குத் தொலைபேசி வந்ததாக நீதிபதி முகமட் கமில் அவாங் சொன்னது தீர்ப்பைவிடப் பெரிய செய்தியானது. அந்தப் பரபரப்பில் அதைவிட நீடித்த விளைவு பலரின் கண்ணில் படவில்லை. பட்டியலைத் திருத்துவதற்குப் பதிலாக, 2002-ல் அரசு சட்டத்தைத் திருத்தியது. 1958-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத்தில் 9ஏ என்ற பிரிவு சேர்ந்தது: அரசிதழில் வெளியான வாக்காளர் பட்டியல் இறுதியானது, அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. முடிவற்ற வழக்குகள் தேர்தலையே முடக்கிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அது வெற்று நியாயமல்ல. தோற்றவர் எல்லாரும் பட்டியலைக் குறை சொன்னால் ஆட்சி நடக்காது. ஆனால் கனடா அதே கவலையை வேறு விதமாகத் தீர்த்தது: வழக்கை அனுமதித்து, வெற்றி பெறுவதைக் கடினமாக்கியது. நாம் கதவையே சாத்தினோம்.

சாத்தியது ஒரு கதவைத்தான் என்பதை கேமரன் மலை காட்டுகிறது. அங்கே 2013-ல் மஇகாவின் பழனிவேல் 462 வாக்குகளில் ஜசெகவின் மனோகரனை வென்றார். 2018-ல் அதே மனோகரனை மஇகாவின் சிவராஜ் சந்திரன் 597 வாக்குகளில் வென்றார். இரண்டாவது வெற்றியை, பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று கண்டு, 2018 நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. லஞ்சம் கொடுத்து வாக்கு மாறினால் நீதிமன்றம் கேட்கும். அதே வாக்காளர்களின் பெயர் பட்டியலில் இருக்க வேண்டுமா இல்லையா என்று கேட்டால் கேட்காது. 597-ஐ ஆராயும் நீதிமன்றத்துக்கு 104-ஐ ஆராயும் அதிகாரம் இல்லை என்பது ஒரு விசித்திரமான அமைப்பு.

காலதாமதப் பிரச்சினை பிறகு பெருமளவு தீர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் ஏகமனதாக அரசியலமைப்பைத் திருத்தி வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது, பதிவைத் தானியங்கியாக்கியது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2018-ல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 நவம்பர் தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. அரை கோடிக்கு மேற்பட்டவர்கள் எந்தப் படிவமும் நிரப்பாமல் உள்ளே வந்தார்கள். 1999 போல இனி ஒரு தலைமுறை வாசலில் நிற்காது. ஆனால் தானியங்கிப் பதிவு அடையாள அட்டையிலுள்ள முகவரியைப் பின்பற்றுகிறது. கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் வந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பல்லாண்டுகளாக வேலை செய்து, இங்கேயே வாடகை வீட்டில் குடியிருப்பவர் முகவரியை மாற்றாதவரை பழைய ஊரின் வாக்காளர்தான். வாக்கு இருக்கிறது, வாழும் இடத்தில் இல்லை. யார் வாக்காளர் என்ற கேள்வி போய், எந்தத் தொகுதியின் வாக்காளர் என்ற கேள்வி அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாலிக் பூலாவ் போல 2008-ல் 708 வாக்கிலும் 2013-ல் 1,539 வாக்கிலும் கைமாறிய தொகுதிக்கு இது சின்னக் கேள்வியல்ல.

104 வாக்கு லிம் கிட் சியாங்கிடமிருந்து எதைப் பறித்தது என்பதையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. அவர் வென்றிருந்தாலும், 27 இடம் பிடித்த பாஸின் ஃபட்சில் நூர்தான் எதிர்க்கட்சித் தலைவராகியிருப்பார். லிம் தலைமைச் செயலாளர் பதவியைவிட்டு விலகிக் கட்சித் தலைவரானார்; 2004-ல் ஈப்போ தீமோர் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் திரும்பினார். அவர் விட்டுச் சென்ற தஞ்சோங் தொகுதியில் 1999-ல் வென்ற சௌ கொன் இயோவ் பின்னாளில் பினாங்கின் முதலமைச்சரானார். தனிமனிதர்களுக்கு நேர்ந்த சேதத்தைக் காலம் சரிசெய்துகொண்டது. 2002-ல் சேர்த்த பிரிவு 9ஏ இன்றும் தேர்தல் சட்டத்தில் இருக்கிறது. அடுத்த பொதுத் தேர்தலில் பினாங்கின் ஏதாவதொரு தொகுதி நூறு வாக்கில் முடிந்தால், தோற்றவர் லஞ்சத்தைப் பற்றி மனு கொடுக்கலாம், எண்ணிக்கையைப் பற்றி மனு கொடுக்கலாம். பட்டியலைப் பற்றிய மனுவை நீதிமன்றம் வாசலிலேயே திருப்பி அனுப்பும்.